இரண்டாம் ஏப்ரன் என்ற சம்பளக் கோட்டுக்கு மேலே நிற்கும் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி கோடையில் யாரை வைத்துக்கொள்வது, யாரை டிரேட் (வேறு அணியோடு வீரர் பரிமாற்றம்) செய்வது?

ஆறாம்ஆள்:

2025 கோடையில் பாஸ்டன் செல்டிக்ஸ் ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லாந்துக்கு அனுப்பிவிட்டு ஆன்ஃபெர்னி சைமன்ஸை வாங்கியது. அதே வாரத்தில் கிறிஸ்டாப்ஸ் பொர்ஸிங்கிஸை அட்லான்டாவுக்கு அனுப்பியது. ஹாலிடேக்கும் சைமன்ஸுக்கும் அந்த ஆண்டுச் சம்பளத்தில் இருந்த வித்தியாசம் சுமார் 47 லட்சம் டாலர்தான். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காக ஒரு சாம்பியன் அணியின் முதல் ஐவரில் ஒருவரைக் கைவிடுவது ஏன் என்பதில் தொடங்கி, இந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதுவரை தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கணக்குப் போட வசதியாக ஒரு மாதிரி அணி. எல்லைக்கோடுகள் 2025-26 பருவத்தினுடையவை: கேப் (அணிச் சம்பளத்துக்கான அடிப்படை வரம்பு, சில விலக்குகளில் மட்டும் தாண்டலாம்) 15.46 கோடி டாலர், வரிக்கோடு (தாண்டினால் லீக்குக்கு வரி) 18.79 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி (ஏப்ரன்கள் என்பவை தாண்டினால் டிரேட், ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் இறுகும் கோடுகள்).

இரண்டு நட்சத்திரங்கள், ஒருவருக்கு 5 கோடி, மற்றவருக்கு 4.3 கோடி. 33 வயது ஃபார்வர்டு (ஃபார்வர்டு, சென்டர், கார்டு ஆகியவை ஆட்ட இடங்கள்) ஒருவர், ஆண்டுக்கு 3.2 கோடி, இன்னும் 3 ஆண்டு பாக்கி. கடைசி ஆண்டில் இருக்கும் சென்டருக்கு 2.4 கோடி. நான்கு பெஞ்ச் வீரர்களுக்குச் சேர்த்து 3.1 கோடி (அதில் ஒருவருக்கு 70 லட்சம்). ரூக்கி (புதுமுக வீரர்) ஒப்பந்தத்தில் இரண்டு பேர், சேர்த்து 80 லட்சம். ஆக 10 பேருக்கு 18.8 கோடி.

ஒப்பந்தம் முடிந்து நிற்பவர்கள் இருவர். முதலாமவர் 24 வயது கார்டு. அணியே டிராஃப்டின் (ஆண்டுதோறும் நடக்கும் புதுமுகத் தேர்வின்) முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தவர், 4 ஆண்டு முடித்தவர், போன ஆண்டுச் சம்பளம் 60 லட்சம். சந்தையில் 4 ஆண்டுக்கு 8.8 கோடி போவார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் பெஞ்ச் ஷூட்டர். ஓர் ஆண்டுதான் அணியில் இருந்தார், சம்பளம் 40 லட்சம். இப்போது 80 லட்சம் எதிர்பார்க்கிறார்.

யாரைப் பிடித்துவைப்பது, யாரை விடுவது?

---

ஏப்ரன்_கணக்கு:

முதலில் எதையும் மாற்றாமல் கூட்டிப் பாருங்கள். கார்டுக்கு ஆண்டுக்கு 2.2 கோடி கொடுத்து, மீதி 3 இடங்களைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிரப்பினால் (ஓராண்டு ஒப்பந்தத்தில் வரும் அனுபவசாலி ஒவ்வொருவரும் அணியின் கணக்கில் சுமார் 23 லட்சமாக ஏறுவார்), 14 பேருக்கு 21.69 கோடி. வரிக்கோட்டைவிட 2.9 கோடி அதிகம்.

வரி படிப்படியாக ஏறுகிறது. 2025-26-இல் ஒவ்வொரு படியும் 56.85 லட்சம் டாலர் அகலம். முதல் படியில் டாலருக்கு 1 டாலர், அடுத்து 1.25, பிறகு 3.50, 4.75, அதற்குமேல் படிக்கு 50 சென்ட் கூடிக்கொண்டே போகும். முந்தைய 4 பருவங்களில் 3-இல் வரி கட்டிய அணி என்றால் இதே படிகள் 3, 3.25, 5.50, 6.75 என்று ஆரம்பிக்கும். உங்கள் மாதிரி அணி முதல் வகை என்றால் வரி சுமார் 9.3 கோடி. தொடர்ந்து கட்டி வரும் அணி என்றால் சுமார் 15.1 கோடி. சம்பளம் தனி.

இப்போது செல்டிக்ஸ் விஷயம். 2022-23, 2023-24, 2024-25 மூன்று பருவங்களிலும் வரி கட்டியதால் அவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் நின்றிருந்த உயரத்தில் ஒரு டாலர் சம்பளத்துக்கு 7 டாலருக்குக் குறையாமல் வரி. அந்தப் படியில் 47 லட்சத்தைக் குறைத்தால் சம்பளமும் வரியுமாக மூன்றரைக் கோடிக்கு மேல் மிச்சம். அதைவிட முக்கியமானது ஆண்டுக் கணக்கு. ஹாலிடேக்கு 3 ஆண்டு பாக்கி இருந்தது, சைமன்ஸுக்கு ஒன்றுதான். 2025 மே மாதம் நியூயார்க்கில் ஜேசன் டேட்டமின் அக்கிலிஸ் தசைநார் அறுந்தபோதே அடுத்த பருவத்தின் கோப்பைக் கனவு தளர்ந்துவிட்டது. கோப்பைக்கு நிற்காத ஆண்டில் அந்த வரியைக் கட்டுவதில் அர்த்தமில்லை.

உங்கள் அணியில் ஹாலிடேயின் இடத்தில் நிற்பவர் அந்த 33 வயது ஃபார்வர்டு. இன்று நன்றாக ஆடலாம். ஆனால் அவருடைய 35-ஆம் வயதுச் சம்பளமும் உங்கள் தலையில்தான். அவரை 2.7 கோடி வாங்கும், ஓர் ஆண்டு மட்டுமே பாக்கியுள்ள வீரருக்கு மாற்றினால் மொத்தம் 21.19 கோடிக்கு இறங்கும். தொடர்ந்து வரி கட்டும் அணிக்கு இந்த ஒரே டிரேடில் சம்பளமும் வரியுமாக 4 கோடிக்கு மேல் குறையும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. முதல் ஏப்ரனுக்கு மேலே உள்ள அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே போனால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்கவும் முடியாது. ஃபார்வர்டையும் பெஞ்ச் வீரரையும் சேர்த்துக் கட்டி ஒரு 3.9 கோடி வீரர் என்ற யோசனை அந்த உயரத்தில் எடுபடாது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் போக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அந்த அணி 2.7 கொடுத்து 3.2 வாங்குகிறது, அதாவது கொடுப்பதைவிட அதிகம். அப்படி வாங்கிய நொடியிலேயே அந்த அணிக்கு முதல் ஏப்ரனில் ஹார்ட் கேப் விழும். பருவம் முடியும்வரை 19.59 கோடியைத் தாண்ட முடியாது. ஆகவே 19.59 கோடியை ஒட்டி நிற்கும் அணியிடம் பேசிப் பயனில்லை, போதிய இடைவெளி உள்ள அணியைத்தான் தேட வேண்டும். ஃபார்வர்டின் ஒப்பந்தத்தில் டிரேட் கிக்கர் (டிரேட் ஆனால் சம்பளம் கூடும் ஷரத்து) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது 15 சதவீதம் வரை போகும். அனுப்பும் அணிக்குப் பழைய சம்பளம்தான் கணக்கு, வாங்கும் அணிக்கோ கூடிய சம்பளம். பேசி முடித்த டிரேட் கடைசி நிமிடத்தில் சிக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வீரர் விட்டுக்கொடுத்தால் மட்டுமே நகரும்.

அடுத்தது 70 லட்சம் வாங்கும் பெஞ்ச் வீரர். அவரைத் திரும்ப எதுவும் வாங்காமல் அனுப்ப வேண்டும். வாங்குபவரிடம் கேப் இடமோ, டிரேட் எக்ஸெப்ஷனோ (முந்தைய டிரேடில் மிஞ்சிய, வீரரை வாங்கும் உரிமை), பயன்படுத்தாத மிட்லெவலோ (கேப்பைத் தாண்டி ஒருவரை எடுக்க உதவும் நடுத்தரச் சம்பள விலக்கு) இருக்க வேண்டும் (மிட்லெவலை டிரேடுக்கும் பயன்படுத்தலாம் என்பது 2024-25 முதல் உள்ள வசதி). கூலியாக இரண்டாம் சுற்று பிக் (டிராஃப்டில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றோ இரண்டோ கொடுக்க வேண்டிவரும். பொர்ஸிங்கிஸ் டிரேடில் வந்த ஜார்ஜஸ் நியாங்கை செல்டிக்ஸ் இப்படித்தான் இரண்டாம் சுற்று பிக்குகளோடு யூட்டாவுக்கு அனுப்பியது. பணமாகக் கொடுத்து முடிக்கலாமே என்று தோன்றும். இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே உள்ள அணிக்கு டிரேடில் பணம் அனுப்பும் உரிமை கிடையாது.

கார்டு பற்றி பின்கோர்ட் சொல்லட்டும், அது அவருடைய பகுதி.

---

பின்கோர்ட்:

கார்டை எக்காரணம் கொண்டும் சும்மா விடக்கூடாது. கேப்புக்கு மேலே நிற்கும் அணிக்கு அவர் ஒரு வீரர் மட்டுமல்ல, 2 கோடிக்கு மேலான ஒரு சம்பள இடமும்கூட. அவர் போய்விட்டால் அந்த 2.2 கோடியை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பேர்ட் உரிமை (அணியிலேயே சில ஆண்டு ஆடிய வீரருக்கான விலக்கு) இருப்பதால்தான் கேப்பைத் தாண்டி அவரை ஒப்பந்தம் செய்ய முடிகிறது. அந்த உரிமை அவரோடு பிறந்தது, அவரோடு போய்விடும். 2022-இல் டாலஸ் இதைத்தான் அனுபவித்தது. ஜேலன் பிரன்சன் 4 ஆண்டு, 10.4 கோடி டாலருக்கு நியூயார்க் போனார். டாலஸுக்குக் கைமாறாக ஒரு வீரரும் வரவில்லை. அவருடைய இடத்தில் அதே தரத்தில் ஒருவரை வாங்கக் கேப் இடமும் இல்லை.

ஆனால் பிரன்சன் எந்தத் தடையும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணிக்குப் போகக்கூடியவர்). உங்கள் கார்டு அப்படியல்ல. முதல் சுற்று வீரர், 4 ஆண்டு முடித்தவர். ஜூன் 29-க்குள் குவாலிஃபையிங் ஆஃபர் (ஓராண்டு ஒப்பந்த முன்வைப்பு) கொடுத்துவிட்டால் அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார். யார் ஆஃபர் ஷீட் (வேறு அணி எழுதும் ஒப்பந்தம்) கொடுத்தாலும் அதே தொகையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தைக் கொடுக்க மறந்தாலோ தயங்கினாலோ அவர் முழுச் சுதந்திரத்தோடு நடையைக் கட்டலாம்.

2025 கோடையில் பெரிய கேப் இடம் கையில் இருந்த அணி புரூக்ளின் மட்டுமே. அதனால் கட்டுப்பாடுள்ள நால்வரும் இழுபட்டார்கள். ஜாஷ் கிடி 4 ஆண்டு 10 கோடிக்கு சிகாகோவில் கையெழுத்திட்டார். ஜானதன் குமிங்கா 2 ஆண்டு 4.85 கோடிக்கு, அதுவும் இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பத்தில். கேம் தாமஸும் குவென்டின் கிரைம்ஸும் குவாலிஃபையிங் ஆஃபரையே எடுத்துக்கொண்டார்கள். தாமஸுக்கு அது சுமார் 60 லட்சம், கிரைம்ஸுக்கு 87 லட்சம்.

அணிக்கு இது லாபம் மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குவாலிஃபையிங் ஆஃபரை எடுத்த வீரர் அடுத்த கோடையில் முழு ஃப்ரீ ஏஜென்ட். அந்த ஒரு வருடமும் அவர் சம்மதிக்காமல் டிரேட் செய்ய முடியாது. 24 வயதுக்காரரைச் சம்பள மிச்சத்துக்காக அந்த நிலைக்குத் தள்ளினால் ஓராண்டு கழித்து பிரன்சன் கதைதான். ஆஃபர் ஷீட்டுக்காகக் காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. வேறு அணி எழுதிய விதிமுறைகள் அப்படியே உங்கள் மேல் விழும். அதைச் சமன் செய்துவிட்டால் ஓராண்டுக்கு அவர் சம்மதம் இல்லாமல் நகர்த்தவும் முடியாது. இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே சொந்த வீரர்களோடு பேசலாம் என்று 2024 முதல் விதி இருக்கிறது. அந்த நாட்களிலேயே பேசி முடிப்பதுதான் நல்லது.

இனி ஒப்பந்தத்தின் உருவம். இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். 4 ஆண்டுக்கு 8.8 கோடி என்பதைச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 2.2 கோடி. பேர்ட் உரிமையில் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றலாம், அந்த 8 சதவீதம் எப்போதும் முதல் ஆண்டுச் சம்பளத்தின் மீது. அப்போது மொத்தத்தை 4.48-ஆல் வகுத்தால் முதல் ஆண்டுச் சம்பளம் கிடைக்கும். 8.8-ஐ 4.48-ஆல் வகுத்தால் 1.96 கோடி. வீரருக்கு ஒரு டாலரும் குறையவில்லை. அணிக்கோ இந்த ஆண்டு 24 லட்சம் கீழே. மேலே சொன்ன வரிப்படியில் அது ஒன்றரைக் கோடிக்கு மேலான மிச்சம்.

எதிர்த்திசையும் உண்டு. அடுத்த ஆண்டுகளில் வரி கடுமையாகும் என்று தெரிந்தால் முதல் ஆண்டை உயர்த்தி ஆண்டுக்கு 8 சதவீதம் குறைத்து எழுதலாம். உங்கள் அணிக்கு நெருக்கடி இந்த ஆண்டில். சென்டரின் 2.4 கோடி அடுத்த கோடையில் கழிகிறது. அதனால் ஏறுமுகம்தான் சரி.

ஷூட்டரைப் பொறுத்தவரை உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. ஓராண்டு மட்டுமே இருந்ததால் முழு பேர்ட் உரிமை இல்லை. போன ஆண்டுச் சம்பளத்தில் 120 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் கொடுக்க முடியும். அவர் கேட்பது 80. ஆசையோ பாசமோ இங்கே உதவாது. இரண்டு ஆண்டு இருந்திருந்தால் 175 சதவீதம் அல்லது லீக் சராசரியின் 105 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது கிடைத்திருக்கும். அதுவும் போதாமல் போனதுண்டு. 2024-இல் ஐசாயா ஹார்டென்ஸ்டைனுக்கு நியூயார்க் கொடுக்க முடிந்த உச்சம் 4 ஆண்டுக்கு 7.25 கோடி. போன ஆண்டு அவர் வாங்கிய சுமார் 92 லட்சத்தை 1.75-ஆல் பெருக்கி, வந்ததை 4.48-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே தொகை வரும். ஓக்லஹோமா சிட்டி 3 ஆண்டுக்கு 8.7 கோடி கொடுத்து அழைத்துச்சென்றது. நியூயார்க்குக்கு மனம் இருந்தும் வழி இல்லை. ஒரு வீரரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கும் அன்றே, அவர் நன்றாக ஆடிவிட்டால் அடுத்த கோடையில் என்ன கொடுக்க முடியும் என்று பார்த்துவிட வேண்டும்.

---

டிராஃப்ட்மேசை:

ஃபார்வர்டை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஜூலையிலேயே விற்றாக வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. வரி கணக்கிடப்படுவது வழக்கமான பருவத்தின் கடைசி நாள் நிலவரப்படி. நவம்பரில் 21 கோடியில் நின்று பிப்ரவரியில் இறங்கினாலும் வரி இறங்கிய தொகைக்குத்தான். ஜூலையில் எல்லோருக்கும் உங்கள் நெருக்கடி தெரியும், அதனால் பிக் கேட்பார்கள். ஜனவரி வாக்கில் அதே ஃபார்வர்டு கோப்பைக்குப் போராடும் ஓர் அணிக்குத் தேவைப்படுவார்.

சென்டரின் 2.4 கோடியையும் அவசரமாகத் தொடாதீர்கள். கடைசி ஆண்டுச் சம்பளம் பிப்ரவரி கெடுவில்தான் விலை போகும். ஆனால் அவருக்கு இந்தக் கோடையில் எக்ஸ்டென்ஷன் (ஒப்பந்த நீட்டிப்பு) கொடுக்கப் போகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இப்போதைய சம்பளத்தில் 140 சதவீதம் வரை தொடங்கலாம், அதாவது 3.36 கோடி. அந்த அளவுக்கு ஏற்றிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து 6 மாதம் டிரேட் கிடையாது. தேதியைக் கவனியுங்கள். 2024-இல் யூட்டாவின் லவ்ரி மார்க்கனன் ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்திட்டார். டிரேட் கெடு 2025 பிப்ரவரி 6. ஒரே நாள் வித்தியாசத்தில் அந்தப் பருவம் முழுக்க அவரை யாராலும் நகர்த்த முடியாமல் போனது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்கள் சென்டர் பிப்ரவரியில் நகர வேண்டியவர் என்றால் இந்தக் கோடையில் பேனாவையே எடுக்கக் கூடாது.

யாராவது "ஃபார்வர்டை விடுவித்து ஸ்ட்ரெட்ச் செய்துவிடலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஸ்ட்ரெட்ச் என்பது மீதிச் சம்பளத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவது; மீதி ஆண்டுகளை இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டினால் வருவதுதான் பிரிக்கும் காலம். 3 ஆண்டு பாக்கி, ஆகவே 7 ஆண்டு. 9.6 கோடியை 7-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1.37 கோடி, அணியில் இல்லாத ஆளுக்கு. அவர் 40 வயதை எட்டும் வரை உங்கள் கணக்கில் இருப்பார். மில்வாக்கி 2025 ஜூலையில் டேமியன் லில்லர்டை இப்படி விடுவித்தது. 2 ஆண்டுக்குப் பாக்கி இருந்த சுமார் 11.3 கோடி, 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 2.25 கோடியாகப் பரவியது. அதனால் கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னரை எடுத்தார்கள். கேப்புக்குக் கீழே இறங்க முடிந்த அணிக்கு அது ஒரு வழி, கசப்பானதாக இருந்தாலும். உங்கள் மாதிரி அணி ஸ்ட்ரெட்ச் செய்தாலும் கேப்புக்குக் கீழே வராது. ஆகவே இந்த ஆண்டு வரி குறைந்தாலும் புதியவரை எடுக்கக் கேப் இடம் கிடைக்காது, செலவு மட்டும் 7 ஆண்டு நீளும்.

இதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. ஸ்ட்ரெட்ச் செய்த தொகைகள் எல்லாம் சேர்ந்து கேப்பில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025-26-க்கு அது சுமார் 2.32 கோடி. பிராட்லி பீல் ஃபீனிக்ஸிடம் ஏறக்குறைய 1.39 கோடியை விட்டுக்கொடுத்ததற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். அவருக்குப் பாக்கி 11.08 கோடி. அப்படியே 5-ஆல் வகுத்தால் 2.2 கோடிக்கு மேல். ஃபீனிக்ஸ் முன்பே ஸ்ட்ரெட்ச் செய்து வைத்திருந்த சிறு தொகைகள் சுமார் 38 லட்சம் இருந்தன. இரண்டையும் கூட்டினால் வரம்பு உடைகிறது. அவர் விட்டுக்கொடுத்த பிறகு ஆண்டுக்கு 1.94 கோடி, சரியாக வரம்புக்குள். பைஅவுட் (பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது) செய்தி படிக்கும்போது "பெருந்தன்மை" என்ற சொல்லுக்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

---

ஏப்ரன்_கணக்கு:

வரியைப் பொறுத்தவரை டிராஃப்ட்மேசை சொல்வது சரி. ஆனால் ஏப்ரன் கட்டுப்பாடுகள் அந்தந்த நாள் நிலவரப்படி. பிப்ரவரி வரை 21 கோடியில் நின்றால், அதுவரை சம்பளங்களைச் சேர்த்துக் கட்டி டிரேட் செய்ய முடியாது. வேறு அணியிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களிலும், பழைய சம்பளம் 1.41 கோடி மிட்லெவலைத் தாண்டியிருந்தவர்களை எடுக்க முடியாது. ஃபார்வர்டுக்குக் காயம் பட்டால் பிப்ரவரியில் வாங்க ஆளே இருக்காது. 33 வயதில் அந்தப் பந்தயத்தை நான் கட்ட மாட்டேன்.

பிக் விஷயமும் இருக்கிறது. பருவ முடிவில் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்தால் 7 ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று பிக் உறைந்துவிடும், டிரேட் செய்ய முடியாது. அதன்பின் வரும் 4 பருவங்களில் இரண்டில் மறுபடி மேலே போனால் அந்த பிக் முதல் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். 2024-25-க்காக பாஸ்டன், ஃபீனிக்ஸ், மினசோட்டா மூன்றுக்கும் 2032 பிக் உறைந்தது. 2032-இல் உங்கள் நட்சத்திரங்கள் இருக்கமாட்டார்கள். அணி தடுமாறும் காலத்துப் பிக் அது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 21.69-இல் ஆரம்பித்தோம். கார்டை ஏறுமுக ஒப்பந்தத்தில் எழுதினால் 21.45. ஃபார்வர்டை 2.7 கோடி வீரருக்கு மாற்றினால் 20.95. 70 லட்சம் பெஞ்ச் வீரரை அனுப்பி அந்த இடத்தில் 23 லட்சத்துக்கு ஒருவரை எடுத்தால் 20.48. இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே 30 லட்சம். தொடர்ந்து வரி கட்டும் அணிக்கு வரி 15.1 கோடியிலிருந்து 6.6 கோடிக்கு இறங்குகிறது. குறைந்த சம்பளம் 1.2 கோடி, குறைந்த வரி 8.5 கோடி. நட்சத்திரங்கள் இருவரும், சென்டரும், கார்டும் அப்படியே இருக்கிறார்கள்.

---

ஆறாம்ஆள்:

30 லட்சம் இடைவெளி இருக்கிறதே, அதை வைத்து ஷூட்டரை நிறுத்திக்கொள்ள முடியுமா? வரி கட்டும் அணிக்கான மிட்லெவல் 56.85 லட்சம் என்று படித்தேன். 48-ஐவிட அது அவர் கேட்பதற்குக் கொஞ்சம் நெருக்கம்.

---

பின்கோர்ட்:

அந்த மிட்லெவலில் எடுத்தால் 23 லட்சம் வீரர் ஒருவரின் இடத்தில் அவர் வருவார். கூடுவது 34 லட்சம். 20.82 ஆகிவிடும், இரண்டாம் ஏப்ரனைத் தாண்டுகிறது. அந்த மிட்லெவலைத் தொட்டாலே இரண்டாம் ஏப்ரனில் ஹார்ட் கேப் விழும் என்பதால் லீக் அந்த ஒப்பந்தத்தை ஏற்காது. 48 லட்சத்துக்கு எடுத்தால் கூடுவது 25 லட்சம், 20.73. இந்த வழிக்கு ஹார்ட் கேப் கிடையாது. கணக்குப்படி முடியும், அவர் 32 லட்சத்தை விட்டுக்கொடுத்தால்.

ஆனால் அந்த 5 லட்சம் இடைவெளி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். வரிக்கணக்கில் சேராத ஒன்று ஏப்ரன் கணக்கில் சேரும்: கிடைக்க வாய்ப்பில்லை என்று வகைப்படுத்திய போனஸ்கள். போன ஆண்டு எட்டாத இலக்குக்கு வைத்த போனஸ் இந்த வகை. உங்கள் பெஞ்ச் வீரர்களில் ஒருவருக்கு அப்படி 10 லட்சம் எழுதியிருந்தால், அவர் அதைத் தொடாவிட்டாலும் ஏப்ரன் கணக்கில் நீங்கள் 20.83. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே. பொதுவில் சுற்றும் சம்பளப் பட்டியல்களில் பெரும்பாலும் முதல் கூட்டுத்தொகை மட்டும் கண்ணில் படும், ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பிரித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஷூட்டரை நான் விட்டுவிடுவேன். 80 லட்சம் கொடுக்கும் அணிக்கு அவர் போகட்டும். அந்த இடத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில், எறிதிறன் உள்ள ஒருவரை ஜூலை இரண்டாம் வாரத்தில் தேடலாம். முதல் அலை ஓய்ந்த பிறகு இடம் கிடைக்காமல் நிற்பவர்கள் அப்போதுதான் இறங்கி வருவார்கள்.

---

டிராஃப்ட்மேசை:

நாட்காட்டி பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஜூன் 30 மாலை 6 மணிக்கு (கிழக்கு நேரம்) எல்லா அணிகளோடும் பேச்சு தொடங்கினாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களும் புதிய ஆண்டுச் சம்பளத்தை நம்பிய டிரேடுகளும் ஜூலை 6 நண்பகலுக்குப் பிறகுதான் அதிகாரபூர்வமாகும். 2025-இல் கெவின் டுரான்ட் ஹூஸ்டன் போவது ஜூன் 22 அன்றே தெரிந்துவிட்டது, முடிந்தது ஜூலை 6. இடையில் 7 அணிகள் சேர்ந்த டிரேடாக அது விரிந்தது. ஆகவே பெஞ்ச் வீரரை வாங்கிக்கொள்ளும் அணியை, வேறு யாராவது நடத்தும் பெரிய டிரேடுக்குள்ளேயே நுழைத்துவிட வாய்ப்பு இருக்கிறதா என்று அந்த வாரத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். தனியாகப் போனால் இரண்டு பிக் கேட்பவர்கள் அங்கே ஒன்றோடு ஒத்துக்கொள்வார்கள்.

---

ஆறாம்ஆள்:

கடைசியாக ஒன்று. கார்டை 1.96 கோடிக்கு எழுதிவிட்டு, பருவம் சரியில்லை என்றால் டிசம்பரில் அவரையே டிரேட் செய்யலாமா?

---

ஏப்ரன்_கணக்கு:

டிசம்பரில் முடியாது. கோடையில் கையெழுத்திட்ட மற்றவர்களுக்குத்தான் டிசம்பர் 15. கேப்புக்கு மேலே உள்ள அணி பேர்ட் உரிமையில், 20 சதவீதத்துக்கு மேல் சம்பளம் ஏற்றி எடுத்த வீரருக்கு ஜனவரி 15 வரை தடை. 60 லட்சத்திலிருந்து 1.96 கோடி என்பது மூன்று மடங்குக்கு மேல். 2026-இல் டிரேட் கெடு பிப்ரவரி 5, ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 3 வாரம். அதற்குள் 20.78-க்குக் கீழே நின்றால் அவரை இன்னொருவரோடு சேர்த்துக் கட்டலாம். ஆனால் சேர்த்துக் கட்டிய அன்றே இரண்டாம் ஏப்ரனில் ஹார்ட் கேப் விழும். அதன்பின் காயத்துக்கு மாற்றாக ஒருவரை எடுக்கக்கூட அந்த 30 லட்சத்துக்குள்தான் இடம் இருக்கும். மார்ச்சில் ஒப்பந்தம் செய்யும் வீரரின் சம்பளம் மீதி நாட்களுக்கு மட்டும் கணக்காகும் என்பதால் ஒருவருக்கு இடம் தாராளமாகவே இருக்கும், இரண்டு பேருக்கும் போதும்.